பாதி வீட்டுக்காரி

இந்த வீடு பத்திரப் பதிவு ஆன அன்னிக்கு நான் போகல. அதுதான் நான் பண்ண முதல் முட்டாள்தனம். தாம்பரத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல எனக்கு வேலை. ரிட்டர்ன் ஃபைல் பண்ற கடைசி வாரம். லீவுன்னு வாயைத் தொறந்தாலே ஆடிட்டர் சார் மூஞ்சி சுருங்கிடும். "நீ வரலைன்னா என்ன, என் பேர்ல மட்டும் போட்டுடறேன். என் பேர்ல இருந்தா என்ன, உன் பேர்ல இருந்தா என்ன?"ன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். நானும் சரின்னு சொல்லிட்டேன். சிட்லபாக்கத்துல ரெண்டாவது மாடி, ரெண்டு பெட்ரூம். கடனைக் கட்டினதுல முக்கால்வாசி என் சம்பளம். அவர் சம்பாதிச்சது திருமுடிவாக்கத்துல அவர் போட்டிருந்த சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் யூனிட்டுக்கே சரியாப் போச்சு. ஊருக்கெல்லாம் பேப்பர் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்றவ நான். என் வீட்டுப் பத்திரத்துல என் பேர் இல்லைங்கறதை ஒரு நாளும் யோசிச்சதே இல்ல.

ரெண்டாவது முட்டாள்தனம் நாமினி. பேங்க்ல நான்தான் நாமினி. இன்சூரன்ஸ்ல நான்தான் நாமினி. அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஃபாரத்துல கூட நான்தான். "எல்லாத்துலயும் உன் பேரைப் போட்டாச்சு, வேற என்ன வேணும்?"னு அவர் பெருமையா சொல்வார். எங்க காலனியில எந்த வீட்டுல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, இதே பேச்சுதான் பேசுவாங்க. நாமினி போட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு ஒரு நினைப்பு. உயில் எழுதலாமான்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். "ஏன், நான் எப்போ போவேன்னு காத்துக்கிட்டு இருக்கியா?"ன்னு சிரிச்சார். என் மாமியார் ஹால்ல இருந்தபடியே, "வெள்ளிக்கிழமை அதுவுமா என்ன பேச்சு இது?"ன்னு ஒரு அதட்டல் போட்டாங்க. அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல.

அவர் போனது யூனிட்லதான். மறைமலை நகர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய பிராக்கெட்டை எண்ணிக்கிட்டு இருந்தவர், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. எங்களுக்குக் குழந்தை கிடையாது. பன்னெண்டு வருஷமா எங்ககூடவே இருந்த மாமியார், நான், அவ்வளவுதான் வீடு. ஒரு ஆள் போனா ஒரு வீட்டுல எவ்வளவு எடம் காலியாகும்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது.

அவரோட தம்பி, என் கொழுந்தன், நாவலூர்ல ஐ.டி. கம்பெனியில மேனேஜர். காரியம் முடிஞ்ச மறுநாள் என் எதிர்ல வந்து உட்கார்ந்தான். குரல்ல அப்படி ஒரு தேன்.

"அண்ணி, நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன், உங்களுக்கும் ரெஸ்ட் வேணும். பேப்பர் வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

நான் அழுதுக்கிட்டே கையெடுத்துக் கும்பிட்டேன். நினைச்சா இப்பவும் என் கையை நானே கடிச்சுக்கலாம் போல இருக்கு.

வாரிசுச் சான்றிதழ் வந்துச்சு. தாசில்தார் ஆபீஸ் சீல், கீழ ரெண்டு பேர். மனைவின்னு என் பேர், தாய்னு மாமியார் பேர். இவங்க பேர் எதுக்குன்னு நான் கேட்டேன். "அது வெறும் ஃபார்மாலிட்டி அண்ணி. அம்மா விட்டுக் குடுத்து ஒரு கையெழுத்துப் போட்டுடுவாங்க. கொஞ்ச நாள் போகட்டும்"னான். கொஞ்ச நாள் போச்சு. யூனிட்டைப் பத்திக் கேட்டப்போ, "அண்ணன் தனி ஆளா அவர் பேர்ல நடத்தினது. அவர் போனதோட லைசென்ஸ், ஜி.எஸ்.டி. எல்லாம் முடிஞ்சு போச்சு. ஷெட்டும் வாடகை ஷெட்"னு சொல்லி மெஷினையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிட்டான். அதுலயும் அம்மா பங்குன்னு பாதியை எடுத்துக்கிட்டான். நான் விட்டுட்டேன். வீடு இருக்கே, அது போதும்னு நினைச்சேன்.

ஒரு வருஷம் கழிச்சு ஒரு பதிவுத் தபால் வந்துச்சு. வக்கீல் நோட்டீஸ். என் கட்சிக்காரர்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம். விஷயம் இதுதான்: என் மாமியார் தன்னோட பாதி வீட்டைத் தன் ரெண்டாவது மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்துட்டாங்க. இனிமே வீட்டுல பாதி அவனோடது. நான் அந்தப் பாதியை விலை குடுத்து வாங்கிக்கணும், இல்லைன்னா வீட்டை வித்துப் பங்கு பிரிக்கணும். மாட்டேன்னா கோர்ட்.

அன்னிக்குப் பச்சைத் தண்ணி பல்லுல படல. எனக்குக் கோவம் வந்தா சத்தம் வராது. நோட்டீஸை டைனிங் டேபிள் மேல விரிச்சு வெச்சு, நின்னுக்கிட்டே படிச்சேன்.

மேற்குத் தாம்பரத்துல ஒரு மொபைல் கடைக்கு மேல மாடியில ஒரு வக்கீல் மேடம் ஆபீஸ். எங்க ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பார்ட்னர்ஷிப் பத்திரம், கடை ஒப்பந்தம்னு அவங்ககிட்ட ஆள் அனுப்புவோம். இந்தத் தடவை நானே படியேறினேன். அவங்க எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு சொன்னாங்க.

"நாமினின்னா வாட்ச்மேன் மாதிரிம்மா. சாவியை வாங்கி வெச்சுக்கலாம். அதனால வீடு வாட்ச்மேனோடது ஆயிடாது. உங்க வீட்டுக்காரர் உயில் எழுதல, குழந்தையும் இல்ல. அப்போ மனைவிக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி. சட்டம் அப்படித்தான்."

"கட்டினது என் சம்பளம் மேடம்."

"லோன் யார் பேர்ல?"

"அவர் பேர்ல."

மேடம் தண்ணி பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வெச்சாங்க. அந்தப் பாதியை வாங்கற அளவுக்கு என்கிட்ட எதுவும் இல்ல. வித்தா வர்ற பாதியில இந்தப் பக்கம் ஒரு வீடும் கிடைக்காது. நான் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரின்னு தள்ளிக்கிட்டே போகணும். ஐம்பது வயசுல ஒண்டியா வாடகை வீடு தேடணும். புருஷன் இல்லாத பொம்பளைக்கு வீடு குடுக்க நம்ம ஊர்ல எத்தனை கேள்வி கேட்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?

கொழுந்தன் மேல இருந்த கோவத்தை விட மாமியார் மேல எனக்கு ரெண்டு பங்கு கோவம். பன்னெண்டு வருஷம் சுகர் மாத்திரையும் கேழ்வரகுக் கஞ்சியும் நேரத்துக்குக் குடுத்த கை இது. அந்தம்மாவுக்குக் கால் வீங்கினப்போ வெந்நீர் ஒத்தடம் குடுத்தவ நான். ஒரு வார்த்தை சொல்லாம என் தலைக்கு மேல இருக்கற கூரையில பாதியைப் பிச்சுக் குடுத்துட்டாங்களே! அவங்க விட்டுட்டுப் போன புடவை எட்டு இருந்துச்சு, அதுல ரெண்டு பட்டு. தெருவுல பாத்திரக்காரன் வந்தப்போ எட்டையும் போட்டு ஒரு எவர்சில்வர் அடுக்கு வாங்கினேன். பட்டுக்கு இன்னும் ஒரு டப்பா தர்றேன்னு அவன் சொன்னான், வேண்டாம்னுட்டேன். எனக்கு டப்பா முக்கியம் இல்ல, அந்தப் புடவை தெருவுக்குப் போகணும். அவ்வளவுதான். சின்னத்தனம்னு தெரியும். சுகமா இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் எங்க அபார்ட்மெண்ட் செகரெட்டரியோட மனைவி லிஃப்ட்ல பிடிச்சாங்க. முடிச்சூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாசா மாசம் சாப்பாடு எடுத்துட்டுப் போறவங்க அவங்க. "உங்க மாமியார் மாதிரியே ஒருத்தரை அங்க பார்த்தேங்க. கேட்டதுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க"ன்னாங்க. நான் உண்மையைச் சொல்றேன், எனக்கு முதல்ல வந்தது சந்தோஷம். எழுதி வாங்கின கையோட கொண்டு போய் விட்டுட்டானா? நல்லா வேணும்! அன்னிக்குக் கேசரி கிண்டினேன், யாருக்குன்னு தெரியாம.

ஞாயித்துக்கிழமை இருக்கறதுலயே நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டு முடிச்சூருக்கு ஆட்டோ பிடிச்சேன். பார்க்கப் போகல, பார்த்து சிரிக்கப் போனேன். என்னென்ன கேட்கணும்னு வழியெல்லாம் மனசுக்குள்ள அடுக்கிக்கிட்டே போனேன். பெத்த புள்ள எப்படிப் பார்த்துக்கறான் அத்தை? நாவலூர்ல இருந்து கடல் தெரியும்னீங்களே, இங்க இருந்து தெரியுதா?

ஒரு நீளமான ரூம், ஆறு கட்டில். கடைசிக் கட்டில்ல உட்கார்ந்திருந்தாங்க. ஆள் பாதியாயிட்டாங்க. கன்னம் உள்ள போயிருந்துச்சு. என்னைப் பார்த்தாங்க. அழுவாங்க, மன்னிச்சுக்கம்பாங்கன்னு நான் நினைச்சேன்.

"வந்துட்டியா? என் பல்லு செட்டு அவன் வீட்டு பாத்ரூம்லயே இருக்கு. நாலு மாசமா கேட்கறேன், கொண்டு வர மாட்டேங்கறான். நீ போன் போட்டு வாங்கித் தாயேன். இங்க சப்பாத்தியா போட்டுக் கொல்றானுங்க"ன்னாங்க.

அடுக்கி வெச்சிருந்த அத்தனை கேள்வியும் எங்கயோ போச்சு. கோவம் போகல. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! என் வீட்டைப் பிடுங்கிக் குடுத்துட்டு என்கிட்டயே பல்லு செட்டு கேட்குது இந்தம்மா. நான் அப்படியே திரும்பி வந்துட்டேன். ஆட்டோவுல வரும்போதுதான் பொறி தட்டிச்சு. நாலு மாசம்னாங்களே. செட்டில்மெண்ட் பதிவாகி அஞ்சு மாசம்தான் ஆகுது.

மறுநாளே வக்கீல் மேடம் படியேறினேன். செட்டில்மெண்ட் பத்திரத்தோட நகலை அவங்க ஏற்கனவே எடுத்து வெச்சிருந்தாங்க. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சாங்க. ஒரு எடத்துல விரல் நின்னுச்சு.

"இதைப் படிங்க"ன்னாங்க.

'என்னை என் ஆயுட்காலம் வரை உணவு, உடை, மருத்துவம் அளித்து உடன் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குட்பட்டு' அப்படின்னு இருந்துச்சு.

"இதை யார் போடச் சொன்னது?"ன்னேன்.

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பத்திரம் எழுதறவர் பழைய ஆள். வயசானவங்க எழுதிக் குடுக்கற எல்லா செட்டில்மெண்ட்லயும் அவர் இந்த வரியைப் பழக்கத்துல போட்டுடுவார். உங்க கொழுந்தன் சொத்து விவரத்தை மட்டும் சரி பார்த்துட்டு கையெழுத்துப் போட்டிருப்பார். யார் முழுசா படிக்கறாங்க?"

ஆயிரம் பேருக்குப் போற மெயில்ல ஒரு கமாவை விடாம படிக்கற மேனேஜர் அவன். தமிழ்ல பத்து வரி படிக்கச் சோம்பேறித்தனம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வருஷக் கணக்குல வராத சிரிப்பு.

பெத்தவங்களைப் பார்த்துக்கறேன்னு எழுதி வாங்கிட்டுப் பார்த்துக்கலைன்னா, அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியர், அதான் ஆர்.டி.ஓ. கிட்ட மனு போடலாம்னு மேடம் விளக்கினாங்க. ஆனா மனுவை நான் போட முடியாது. எழுதிக் குடுத்தவங்கதான் போடணும். விசாரணையில வக்கீல் பேசறதை விட அந்தம்மாவே வாயைத் தொறந்து சொல்லணும். "அவங்க உங்க பக்கம் வருவாங்களா?"ன்னு மேடம் கேட்டாங்க. "வர வைக்கறேன்"னேன்.

என் திட்டத்தை இப்போ மறைச்சு என்ன ஆகப் போகுது? கூட்டிட்டு வரணும். மனு போட வைக்கணும். பத்திரம் ரத்தானதும் அந்தப் பாதியை என் பேருக்கு எழுதி வாங்கணும். வாங்கின மறுநாள் அதே ஆட்டோவுல, அதே முடிச்சூருக்கு, அதே ஆறாவது கட்டிலுக்குக் கொண்டு போய் விடணும். ரெண்டு பேருக்கும் ஒரே அடி. இதை நினைச்சுக்கிட்டேதான் நான் அந்த இல்லத்துல கையெழுத்துப் போட்டு அவங்களை வெளிய கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியில பல் டாக்டர்கிட்ட நிறுத்தி அளவு குடுத்து, புதுப் பல்லு செட்டுக்கும் சொன்னேன். விசாரணையில வார்த்தை குழறக் கூடாதில்ல?

வீட்டுக்கு வந்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "என் புடவை எல்லாம் எங்க?" நான் அடுக்கைக் காட்டினேன். ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டிப் பார்த்தாங்க. "ரெண்டு பட்டு இருந்துச்சு. இது போதாது, ஏமாந்துட்டே"ன்னாங்க. அதோட விட்டுட்டாங்க.

மூணு மாசம் இழுத்துச்சு. தினம் நான் கேட்பேன், அவங்க பதில் சொல்லணும். எப்போ கொண்டு போய் விட்டான்? எத்தனை தடவை வந்து பார்த்தான்? நடுவுல மனசு மாறிடுவாங்களோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதைப்பு. என்ன இருந்தாலும் புள்ள. ஒரு நாள் அவன் போட்டோவை எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்னிக்கு அவங்களுக்குப் பிடிச்ச வத்தக்குழம்பு வெச்சு, கேட்காமலே ரெண்டு அப்பளம் அதிகமா பொரிச்சேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் விசாரணைக்கு அவன் கழுத்துல ஐ.டி. கார்டோட வந்தான், முக்கியமான மீட்டிங்ல இருந்து எழுந்து வந்த மாதிரி. என்னைப் பார்க்கவே இல்ல. அம்மா கால்ல விழுந்தான்.

"சார், நான் அம்மாவைக் கைவிடல. வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பார்த்துக்க ஆள் இல்ல. நல்ல இல்லமா பார்த்து சேர்த்தேன். மாசம் தவறாம பணம் கட்டினேன், ரசீது எல்லாம் இருக்கு"ன்னு ஒரு ஃபைலை நீட்டினான்.

அதிகாரி மாமியார் பக்கம் திரும்பினார். "என்னம்மா, மகன் பணம் கட்டினேங்கறாரே?"

அந்தம்மா மகனைப் பார்த்தாங்க. அவங்க கண்ணு கலங்கிச்சு, போச்சுடா, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன்.

"கட்டினான் சார். கரண்டு பில்லும்தான் கட்டறான். கரண்டு ஆபீஸ்ல போய் யாராவது சாப்பிட்டியான்னு கேட்பாங்களா? உடன் வெச்சுன்னு பத்திரத்துல எழுதியிருக்கு. எழுதினது எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. அவனுக்கு யாரும் படிச்சுக் காட்டல போல"ன்னாங்க.

அதிகாரி பேனாவை எடுத்தார். சில வாரம் கழிச்சு உத்தரவு வந்துச்சு, செட்டில்மெண்ட் ரத்துன்னு. அது வில்லங்கச் சான்றிதழ்ல ஏறினதை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நானே எடுத்துப் பார்த்தேன். பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்து நாலு தடவை படிச்சேன். அன்னிக்கே அவன் போன்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க? குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கலாமே?"

"நீ நோட்டீஸ் அனுப்பினப்போ இந்தக் குடும்பம் எங்கடா போச்சு?"ன்னு கேட்டேன். அவனை 'டா'ன்னு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாய்க்கு அவ்வளவு ருசியா இருந்துச்சு. அவன் போனை வெச்சுட்டான். கோர்ட்டுக்குப் போவேன்னு ஆள் விட்டுச் சொன்னான், போகல. அம்மாவை முதியோர் இல்லத்துல விட்டு வீட்டைப் பிடுங்கினவன்னு சொந்தக்காரங்க மத்தியில பேரு நாறிப் போச்சு. ஒரு கல்யாணத்துல பந்தியில அவன் பக்கத்துல உட்கார ஆள் இல்லாம ரெண்டு இலை காலியா கிடந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். அதைச் சொன்னவங்களை ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இனிமே மிச்சம் பாதி வேலை. மாமியார் தன் பாதியை எனக்கு செட்டில்மெண்ட் எழுதித் தரணும். பத்திரத்தை நானே பக்கத்துல உட்கார்ந்து எழுத வெச்சேன், பராமரிப்புங்கற வார்த்தை எங்கயும் வராத மாதிரி. சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன் போட்டேன். காலையில குளிச்சு நல்ல புடவை கட்டிக்கிட்டு அந்தம்மா எனக்கு முன்னால கிளம்பி நின்னாங்க. எங்க டோக்கன் நம்பர் வந்துச்சு. கேமரா முன்னால உட்கார வெச்சாங்க. "உங்க சுய விருப்பத்துலதான் எழுதித் தர்றீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"ன்னு அதிகாரி வழக்கம் போல கேட்டார்.

"கட்டாயப்படுத்தல சார். ஆனா நான் கையெழுத்துப் போடப் போறது இல்ல"ன்னாங்க மாமியார்.

பின்னால வரிசையில நின்னவங்க எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. வெளிய வந்து பெஞ்சுல உட்கார்ந்தோம்.

"ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டு ஆறாவது கட்டிலுக்குப் போனேன். இன்னொரு தடவை போறதுக்கு எனக்குப் பைத்தியமா?"ன்னாங்க.

"சரி, செட்டில்மெண்ட் வேண்டாம். உயிலாவது எழுதுங்க. உயில் உங்க காலத்துக்கு அப்புறம்தான் வரும்"னேன்.

"எழுதினா நாளைக்கே நீ என்னை அங்க கொண்டு போய் விட்டுடுவே. கோவத்துல மாத்தி எழுதுவேன்னு சொன்னா, பத்திரம் எழுதறவன் எவனையும் உள்ள விட மாட்டே. எனக்குத் தெரியாதா உன்னை?"

அவங்க சொன்னது சரிதான். ஏன்னா விட்டிருப்பேன்.

அப்படியே வக்கீல் மேடம் ஆபீசுக்குப் போய், அந்தம்மாவைக் கீழ ஜூஸ் கடையில உட்கார வெச்சுட்டு, மூச்சு வாங்க மேல ஏறினேன். இவங்க ஒண்ணும் எழுதாம போயிட்டா என்ன ஆகும்னு கேட்டேன்.

"அவங்களுக்குப் புருஷன் இல்ல. ஒரு மகன் இறந்துட்டார், அவருக்கு வாரிசா குழந்தையும் இல்ல. மருமகளுக்கு அதுல வழி இல்லம்மா. மொத்தமும் இருக்கற மகனுக்குத்தான் போகும்."

அதாவது, இந்தம்மா இன்னிக்குக் கண்ணை மூடினா, நான் பிடுங்கின பாதி, நோகாம, ஒரு மனு கூட போடாம, அவன் கைக்குப் போயிடும். திரும்ப நோட்டீஸ் வரும். திரும்ப ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி.

அன்னியில இருந்து நான் என் மாமியாரைக் காப்பாத்தற மாதிரி இந்தத் தாம்பரத்துல யாரும் யாரையும் காப்பாத்தறது இல்ல. பாத்ரூம்ல வழுக்காத டைல்ஸ், பிடிச்சுக்கக் கம்பி. மாசம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. தெருவுல யாராவது இருமினா அந்தம்மாவை பால்கனியில இருந்து உள்ள இழுத்துடுவேன். அவங்களுக்கும் இது நல்லாவே தெரியும். இஞ்சி டீ வேணும், இந்தச் சேனல் வேணும், தலையணை சரியில்லன்னு ராணி கணக்கா அதிகாரம். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் செய்வேன். மனசுக்குள்ள என்னென்ன திட்டுவேன்னு எழுதினா அச்சுல ஏத்த முடியாது.

போன மழையில தெருவெல்லாம் தண்ணி நின்னப்போ அவங்களுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சுத் திணறல் ஆயிடுச்சு. ஆட்டோ வர மாட்டேன்னுட்டான். கீழ் வீட்டுக்காரரும் நானும் நாற்காலியோட தூக்கி, முழங்கால் தண்ணியில நடந்து மெயின் ரோடு சேர்ந்தோம். "சாகக் கூடாது, சாகக் கூடாது"ன்னு நான் சத்தமா சொல்லிக்கிட்டே வந்தேனாம், கீழ் வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார். மூணு நாள் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சுல கிடந்தேன். நாலாவது நாள் வார்டுக்கு மாத்தினாங்க. நர்ஸம்மா, "பெத்த பொண்ணு கூட இப்படிப் பார்த்துக்க மாட்டா. குடுத்து வெச்சவங்க பாட்டி நீங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

மாமியார் கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்தாங்க.

"நான் செத்தா வீடு அவனுக்குப் போயிடும்னுதானே இந்த ஓட்டம் ஓடினே?"

பொய் சொல்லத் தெம்பு இல்ல. "ஆமா"ன்னேன்.

அவங்களுக்குக் கோவம் வரும்னு நினைச்சேன். மூஞ்சியில ஒரு நிம்மதிதான் வந்துச்சு.

"அவன் பாசம் பாசம்னு சொல்லித்தான் எழுதி வாங்கினான். நம்பிக் கெட்டேன். நீ கோவத்துல என்னைக் கூட்டிட்டு வந்தே. கோவத்துலதான் சோறு போடறே. அதைத்தான் நான் நம்பறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, என் கையைத் தேடிப் பிடிச்சுக்கிட்டாங்க. "அது மட்டும் ஆறாம பார்த்துக்கோ."

"ஆறாது அத்தை"ன்னேன்.